கால் மணிக்கும் முக்கால் மணிக்கும்

அருங்காட்சியகக் காவல் என்பது நாள் முழுக்க நின்றுகொண்டு "தொடாதீர்கள்" என்று சொல்லும் வேலை. நின்றே பிழைப்பவர்களுக்குக் கால் வலியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில், பழைய கம்பியில்லாத் தந்திக் கருவிகள் இருக்கும் அறை என் பொறுப்பு.

சிவப்பு நேரம்

அங்கே கப்பலிலிருந்து வந்த கடிகாரம் ஒன்று இன்னும் ஓடுகிறது. அதன் முகப்பில் கால் மணியிலிருந்து மூன்று நிமிடமும், முக்கால் மணியிலிருந்து மூன்று நிமிடமும் சிவப்பு அடித்திருக்கும். ஆரம்பத்தில் கப்பல் பயணிகளின் வாழ்த்துத் தந்திகளே காற்றை நிறைத்தன. தந்தி அடிக்கும் ஓப்பரேட்டர் தூங்கப் படுத்துவிட்டால் உதவிக் குரல் யாருக்கும் கேட்காது. பல உயிர்கள் போன பிறகுதான், சிவப்பு நேரத்தில் எல்லாக் கப்பலும் தந்தி அடிப்பதை நிறுத்திக் காதுகொடுக்க வேண்டும் என்று விதி வந்தது.

இதைக் கேட்ட, சூரிச்சின் ஓர்லிகோன் பகுதியிலிருந்து வந்த தமிழ்த் தாய் ஒருத்தி, போனில் மூழ்கியிருந்த தன் இரு பிள்ளைகளையும் பார்த்தாள். "அக்கா, இந்த மணிக்கூடு விக்கிறதோ? எங்கட வீட்டில ஒருத்தர் கதைக்கிறதை மற்றவர் கேக்கிறேல்லை."

ஆம்புலன்ஸ்

சுவிஸ் சரக்குக் கப்பலில் ஓப்பரேட்டராக இருந்த பெரியவர் ஒருவர் வந்தார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வசனத்தில் நின்றுவிட்டார். கண் மூடியிருந்தது, கூப்பிட்டாலும் பதிலில்லை. பக்கவாதம் என்று பதறி ஆம்புலன்ஸை அழைத்தேன். மூன்று நிமிடம் கழித்து மனிதர் மீதி வசனத்தைச் சொல்லி முடித்தார். கடிகாரம் கால் மணியைத் தொட்டதும் பழைய பழக்கம் வந்துவிட்டதாம்!

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரோ ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்னார்: "சத்தம் நின்றதும் கூப்பிட்டார் பாருங்கள், இவர் கப்பலில் இருந்திருக்க வேண்டியவர்."

சூசை அண்ணை

எங்கள் துப்புரவுப் பணியாளர் சூசை அண்ணை மன்னார்க்காரர். இயந்திரம் நின்ற வள்ளத்தில் ஒரு தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவர். சட்டையைக் கழற்றி ஆட்டுவதைத் தவிர உதவி கேட்க அந்த வள்ளத்தில் வழி இருக்கவில்லை. மற்றத் தம்பிக்கு வயர்லெஸ் செட் வாங்கிக் கொடுத்து, அது இல்லாமல் கடலுக்குப் போகக்கூடாது என்று சண்டையும் பிடித்தார்.

ஒரு காலை, அந்தத் தம்பியும் கரை திரும்பவில்லை என்று செய்தி வந்தது. வேலை நேரத்தில் போன் லொக்கரில் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஊரிலிருந்து அழைப்பு வந்தால் கேட்க வேண்டுமே என்று நான் அண்ணையின் போனை வாங்கிக் கடிகாரத்துக்குக் கீழே வைத்தேன். மேற்பார்வையாளர் அம்மா கோபமாக வந்தார். மணி பத்தேகால். விஷயத்தைச் சொல்லிச் சிவப்பைக் காட்டினேன். அவரும் போனைப் பார்த்தபடி எங்களோடு நின்றார்.

பத்தரைக்குப் போன் அடித்தது. தம்பியின் இயந்திரம் பழுதாகியிருக்கிறது; செட்டில் கூப்பிட்டதைக் கேட்ட வேறொரு வள்ளம் கட்டியிழுத்து வந்திருக்கிறது. அண்ணை துடைப்பத்தைப் பிடித்தபடி அழுதார். "ஆரோ கேட்டுக்கொண்டு இருந்திருக்கினம், தங்கச்சி."

அன்றிலிருந்து சிவப்பு நேரத்தில் நான் "தொடாதீர்கள்" என்றுகூடச் சொல்வதில்லை. தொடுகிறவர்களும் அந்த நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள்.