இருபத்து மூன்றாவது லைன்

1. புதன்கிழமை

"இது என்னங்க மாஸ்டர் பச்சை?" என்று முதலாளி கேட்டார்.

சாயம் போடும் அர்த்தனாரி மாஸ்டர் கையிலிருந்த நூல் கோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடப்பாடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கம்பெனியின் சாயப்பட்டறை அது. சாயம் போட்டுச் சுற்றிய நூல் சுவரோரம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. முழு லாட்டும் கரும்பச்சை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒப்புக்கொண்டதோ பாசிப்பச்சை.

"போன்ல இருபத்தி மூணுன்னு சொன்னாங்க. இருபத்தி மூணத்தானுங்க போட்டேன்."

முதலாளி சுவரில் ஒட்டியிருந்த ஷேடு ஷீட்டின் பிரிண்டைக் காட்டினார். "இருபத்தி மூணு எதுன்னு நீங்களே பாருங்க."

மாஸ்டர் கிட்டப் போய் விரல் வைத்துப் பார்த்தார். இருபத்து மூன்றுக்கு நேராக ஒட்டியிருந்த நூல் துண்டு பாசிப்பச்சை. கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆமாங்க," என்றார்.

அந்த பிரிண்டை இரண்டு நாள் முன்பு அங்கே ஒட்டியவன் நான்.

2. என் பொறுப்பு

நான் பத்தாவது வரை படித்தவன். நூல் குடோனில் பல வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். எல்லா ஃபைலையும் எல்லாரும் ஒரே இடத்தில் ஆன்லைனில் பார்க்கிற சாஃப்ட்வேர் வந்தபோது, முதலாளி என்னை டவுனில் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸ் ஆபீசுக்குக் கூப்பிட்டார். "குமாரு, நீ ஒரு துண்டுச் சீட்டக்கூடத் தொலைக்க மாட்டே. இத நீயே பாத்துக்கோ." யாருக்கு எடிட் பர்மிஷன், யாருக்கு வியூ மட்டும், எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் என்பதெல்லாம் என் பொறுப்பானது.

அதில் முக்கியமானது ஷேடு ஷீட். ஒரு லைனுக்கு ஒரு கலர். டிசைனர் நித்யா ஆபீசில் உட்கார்ந்து அதை அப்டேட் செய்வாள். பட்டறையில் ஆவியும் தண்ணீரும் என்பதால் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் திங்கள்கிழமைதோறும் நான் லைன் நம்பரோடு பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு லைனுக்கும் நேராக அந்தக் கலர் நூலில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, பஸ் ஏறிப் போய்ச் சுவரில் மாட்டிவிட்டு வருவேன்.

நித்யா கலர் பெயரை ஆங்கிலத்தில்தான் சொல்வாள். மாஸ்டருக்கு அது ஒத்துவரவில்லை. "அம்மிணி, இந்தப் பேரெல்லாம் மிசின் சத்தத்துல ஒண்ணாட்டத்தான் காதுல உழுகுது. லைன் நம்பரச் சொல்லு, போதும்."

"அழகா இருக்கட்டும்னுதானுங்க மாஸ்டர் பேரு வெக்கறது."

"அழகு பையருக்கு இருக்கட்டும். எனக்கு நம்பரக் குடு."

அதிலிருந்து எல்லாம் நம்பர்தான். நிறைய சீசன் அப்படியே போனது. ஒரு நூல்கூட மாறியதில்லை.

எனக்கு ஒரு பழக்கம். எந்த நோட்டைத் தொடங்கினாலும் முதலில் பிள்ளையார் சுழி. கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் விடவில்லை. புது ஷீட் திறந்தால் முதல் கட்டத்தில் 'உ' என்று அடித்துவிட்டுத்தான் மற்றது. அந்த சீசன் ஷீட்டை நான் வெளியூர் போயிருந்ததால் நித்யா திறந்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மேஜை மேலிருக்கும் பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு ஷீட்டைத் திறந்தேன். உச்சியில் சுழி இல்லை. மனசு கேட்கவில்லை. மேலே ஒரு வரிசையைச் சேர்த்து 'உ' போட்டேன். நிம்மதியாக இருந்தது.

அந்த ஒரு வரிசையால் கீழே இருந்ததெல்லாம் ஒவ்வொரு படி இறங்கியது. இருபத்திரண்டில் இருந்த பாசிப்பச்சை இருபத்து மூன்றுக்கு வந்தது. மத்தியானம் பையர் பாசிப்பச்சைக்குச் சரி சொன்னதும் நித்யா திரையைப் பார்த்து மாஸ்டருக்கு போன் செய்து "இருபத்தி மூணு" என்றாள். பட்டறைச் சுவரில் இருந்தது போன திங்கள்கிழமை பிரிண்ட். அதில் இருபத்து மூன்று கரும்பச்சை. சனிக்கிழமை சாயம் போட்டார். திங்கள்கிழமை நான் போய் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினேன்.

அவர் பார்த்துப் போட்ட தாள் என் பைக்குள் வந்துவிட்டது.

3. வெர்ஷன் ஹிஸ்டரி

புதன்கிழமை சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பியதும் முதலாளி சொன்னார்: "குமாரு, ஷீட்டுல யாராச்சும் கை வெச்சிருக்காங்களான்னு பாரு. மாஸ்டர் இப்பிடித் தப்புப் பண்ற ஆளில்ல."

யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதை ஷீட்டே நினைவில் வைத்திருக்கும். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் ஆபீசில் நான் ஒருவன்தான். திறந்தேன். வெள்ளிக்கிழமை காலை, என் பெயர், ஒரு வரிசை சேர்ப்பு. அந்த வரிசையில் ஒரே ஓர் எழுத்து.

முதலாளி கதவருகில் நின்றுகொண்டிருந்தார். "என்ன தெரியுது?"

"எந்த ஷேடையும் யாரும் மாத்தலீங்க," என்றேன்.

அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

"அப்ப மாஸ்டருக்கு வயசாயிருச்சு," என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

ஏன் சொல்லவில்லை என்றால், வேலை போய்விடும் என்கிற பயம். வேறு காரணம் எழுதினால் அதுவும் பொய்யாகும்.

அந்த வாரக் கடைசியில் மாஸ்டர் பட்டறைச் சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டார். முதலாளி போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "இனி சரிப்படாதுங்க. இன்னொருக்கா உங்களுக்கு நட்டம் பண்ண மாட்டேன்," என்று அவர் வைத்துவிட்டார்.

நான் தினமும் காலையில் 'ஓம் முருகா' என்று நூற்றெட்டு முறை எழுதுகிறவன். ஒருபக்கம் மட்டும் அச்சான ஆபீஸ் தாள்களைச் சேர்த்து வைத்து அதன் பின்புறத்தில்தான் எழுதுவேன். எட்டு மாதம் கழித்து ஒரு நாள், எழுதிக்கொண்டே வருகையில் பேனா எதிலோ தடுக்கியது. கொஞ்சம் தள்ளி மறுபடி தடுக்கியது. தாளைத் திருப்பினேன். நூல் துண்டுகள். இருபத்து மூன்றுக்கு நேராகக் கரும்பச்சை.

அன்று எழுதியது நூறைத் தொடவில்லை. பேனாவை மூடிவிட்டு நேராக முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பிள்ளையார் சுழி நானுந்தான் போடறேன். அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்டா," என்றார். பிறகு, "மொதல்ல அவர் ஊட்டுக்குப் போ. அப்புறம் எங்கிட்ட வா."

4. மாஸ்டர் வீடு

வாசலில் மாஸ்டரின் மனைவி சரசக்கா நின்றிருந்தார். "வாங்க தம்பி. உள்ளதான் இருக்கறாரு. இப்பெல்லாம் கடைக்குக்கூடத் தனியாப் போறதில்லீங்க."

"கண்ணுல எதாச்சுங்களா அக்கா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. அதுல இருந்துதான் பயந்துட்டாரு. கண்ணுல இல்லீனா மண்டையிலதான் கோளாறுன்னு. அவங்கப்பாவுக்குக் கடைசில பெத்த புள்ளையவே அடையாளம் தெரியாமப் போச்சுங்க."

உள்ளே போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து தாளைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொல்ல முடிந்தது.

மாஸ்டர் இருபத்து மூன்றாவது லைனில் கட்டை விரலை வைத்து நூலைத் தடவினார். "கரும்பச்சை," என்றார்.

"ஆமாங்க மாஸ்டர்."

"அப்ப நான் சரியாத்தான் பாத்தேன்." அதையே மனைவியைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எட்டு மாசம் குமாரு. தெனம் காலையில எந்திரிச்சதும் பேத்தி பேர ஒருக்கா சொல்லிப் பாத்துக்குவேன். இருக்குதா, போயிருச்சான்னு," என்றார் மாஸ்டர்.

நான் அவர் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டார். தாளைத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததை வரிவரியாகப் பார்த்தார்.

"இத எழுதுன நேரத்துக்கு எனக்கு ஒரு போனு போட்டிருக்கலாம்," என்றார்.

நான் கிளம்பும்போது அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கி வருவதாகச் சொன்னார். அக்கா கூடப் போக எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

மாஸ்டர் வேலைக்குத் திரும்பி வரவில்லை. அந்தத் தாளையும் எனக்குத் திருப்பித் தரவில்லை. முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

இப்போது எங்கள் ஷீட்டில் ஒவ்வொரு ஷேடுக்கும் அதற்கென்று ஒரு நிரந்தர நம்பர் உண்டு. வரிசை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. பழைய பிரிண்டைத் தேதி போட்டு ஃபைல் செய்கிறோம். பிள்ளையார் சுழியை மேஜை மேலிருக்கும் நோட்டில் போட்டுக்கொள்கிறேன். இதையெல்லாம் ஒரு நாளில் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஹிஸ்டரியில் உங்கள் பெயரே இருப்பதைப் பார்த்தால், கேட்டவர் கதவருகில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். அதைக் கற்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் என்னுடையது அல்ல, இன்னொருவருடையது.

நூற்றெட்டு எழுதுவதை நான் விடவில்லை. உட்காரும் முன் யாரிடமாவது சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறதா என்று யோசிக்கிறேன். இருந்தால், முதலில் போன்.