நூறு நெல்லில் முப்பத்தொன்று பச்சை

வழி

டேங்க் நிறைய டீசல் இருந்தது, வண்டி ஓடத் தயாராக இருந்தது, வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வயலுக்குள் போகத்தான் வழி இல்லை. பத்தொன்பது வருஷம் டெல்டாவில் அறுவடை மெஷின் ஓட்டியவன் நான். நெருக்கடி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் காலைப்பொழுதுதான் ஞாபகத்துக்கு வரும். இப்போது முதுகு ஒத்துழைக்கவில்லை, வண்டியை விட்டுவிட்டேன். புதிதாக லீவர் பிடிக்கிற ஆபரேட்டர்களுக்கு பெல்ட் மாற்றவும் கிரீஸ் அடிக்கவும் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

டெல்டா வயல்களில் ஒரு சங்கடம் உண்டு. ரோட்டோரம் ஒருத்தர் வயல், அதற்குப் பின்னால் இன்னொருத்தர் வயல். உள் வயலுக்கென்று தனிப்பாதை கிடையாது. ஆள் வரப்பில் நடந்து போய்விடலாம், சக்கரத்துக்குப் பதில் செயினில் ஓடும் அறுவடை வண்டி வரப்பில் போக முடியாது. முன் வயலை அறுத்தால்தான் பின் வயலுக்கு வழி.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். தை மாசக் கடைசி, சம்பா அறுவடை. என்னைக் கூப்பிட்டது கலியமூர்த்தி. அறுபது வயசு இருக்கும், அதிகம் பேச மாட்டார். அவருடையது உள் வயல், குத்தகை நிலம். முந்தின வாரக் காற்றில் பயிர் மொத்தமும் சாய்ந்து படுத்துவிட்டது. முற்றிய கதிர் தண்ணீரில் கிடந்தால் மூன்றே நாளில் முளைத்துவிடும். மறுநாள் மழை என்று ஊரே செல்போனில் பார்த்துவிட்டது. கையறுப்புக்கு ஆள் தேடினார், கிடைக்கவில்லை. அன்றைக்கே அறுத்தால் அவருக்கு அந்த வருஷத்து நெல் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

முன் வயல் வேதவல்லி அக்காவுடையது. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார், விவசாயம் முழுக்க அக்கா பொறுப்பு. அக்காவின் பயிர் சாயாமல் நின்றது, ஆனால் இன்னும் பச்சை தெரிந்தது.

"ஒரு வாரம் ஆகும் தம்பி. வண்டியத் திருப்பிக்கங்க" என்றார்.

பயிர் பிந்தியதற்குக் காரணமே கலியமூர்த்திதான் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஐப்பசி மழையில் தன் வயலைக் காப்பாற்ற அவர் நடு வரப்பை வெட்டி, தண்ணீரை அக்கா வயலில் விட்டிருக்கிறார். நட்டுப் பத்து நாள் ஆன நாற்று அழுகிப்போனது. அக்கா மறுநடவு போட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

என் இரண்டு வித்தைகள்

வண்டி ஓட்டுவது பாதி, வாயால் ஓட்டுவது பாதி என்பது எங்கள் தொழில். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. எந்த விவசாயியையும் இரண்டே வித்தையில் மடக்கிவிடுவேன் என்று அப்போது ஒரு நினைப்பு இருந்தது.

முதல் வித்தை கணக்கு. "அக்கா, ரெண்டு வெட்டு அகலம் குடுங்க போதும். பதினாலு அடி. ரெண்டு ஏக்கர்ல அது ஒரு மூலைக்குக்கூட வராது" என்றேன். அது எடுபடவில்லை.

இரண்டாவது வித்தை இரக்கம். "வயசான மனுஷன்க்கா. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

"நான் மறுநடவு போட்டப்ப ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்ப நீங்க எங்க இருந்தீங்க தம்பி?"

அக்கா விடவில்லை. "பச்சை நெல்ல அறுத்தா ஈரம்னு கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. செயின் ஏறுன எடம் இறுகிடும், பின்னாடி உளுந்து தெளிக்க ஆகாது. நடுவுல பாதை வெட்டுனா காத்து உள்ள பூந்து மீதிப் பயிரையும் சாச்சிடும். சரியா இல்லையா?"

மூன்றும் சரிதான். நானே யோசித்திருந்தாலும் அதற்கு மேல் சொல்லியிருக்க மாட்டேன். "சரிதான்க்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பப் போனேன்.

"இருங்க தம்பி" என்றார். குரல் மாறியிருந்தது. "நான் சொன்னதுல ஒண்ணுகூட தப்பில்லியா?"

"இல்லக்கா."

"அதான் எனக்கு இடிக்குது. அந்த ஆளு மேல இருக்குற கோவமும் வேணாங்குது, கணக்கும் வேணாங்குது. ரெண்டும் ஒரே குரல்ல பேசுனா, கணக்கப் போட்டது யாருன்னு பாக்கணும்ல?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். அன்றைக்குத்தான் எனக்கு வேறு ஒன்று புரிந்தது. ஆத்திரத்தில் புத்தி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆத்திரத்திடம் கூலிக்கு வேலை செய்யும். கோபத்தின் உச்சியில் நின்றுகொண்டே தன் புத்தியைச் சந்தேகப்பட்ட ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

துண்டில் கொட்டிய நெல்

அக்கா ஒரு ஏற்பாடு சொன்னார். "நான் கதிர் பறிச்சா என் கை பச்சைக்குத்தான் போகும். நீங்க பறிச்சா பழுத்ததாப் பாத்துப் பறிப்பீங்க, உங்களுக்கு உள்ள போகணும். அந்த ஆளையும் கூப்பிடுங்க. மூணு பேரும் பத்துப் பத்துக் கதிர். ஒண்ணாக் கலந்து, உதுத்து, நூறு நெல்லு எண்ணுவோம்."

நூறில் எண்பது பழுத்திருந்தால் அறுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நான் போய்க் கலியமூர்த்தியைக் கூட்டிவந்தேன். ஐப்பசிக்குப் பிறகு அவர் அந்த வயலில் கால் வைத்தது அன்றுதான். செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டு இறங்கினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப் பக்கம் நன்றாகப் பழுத்த இடமாகப் பார்த்து என் கை தானாகவே போனது. அக்கா வரப்போர மர நிழலில் பச்சையாக நின்றதைப் பறித்தார், பறித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கலியமூர்த்தி மட்டும் நேராக நடந்தார். பத்து அடிக்கு ஒரு கதிர், எது கைக்கு வந்ததோ அது.

என் துண்டை ரோட்டில் விரித்து முப்பது கதிரையும் உதிர்த்துக் கலந்தோம். யார் எண்ணுவது என்று நான் கேட்டேன்.

"அவரே எண்ணட்டும்" என்றார் அக்கா.

யாருக்கு நஷ்டம் அதிகமோ அவர் கையில் எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டார். நான் கொடுத்திருக்க மாட்டேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

கலியமூர்த்தி குந்தி உட்கார்ந்து ஒரு கை அள்ளி, ஒவ்வொரு நெல்லாகத் தள்ள ஆரம்பித்தார். பழுத்தது இந்தப் பக்கம், பச்சை அந்தப் பக்கம். நடுவில் அரை மஞ்சளும் அரைப் பச்சையுமாக ரெண்டுங்கெட்டான் நெல் வரும். அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் கேட்க ஆள் இல்லை. முதல் ரெண்டுங்கெட்டான் வந்ததும் அதை விரலில் உருட்டிப் பார்த்தார். பச்சைப் பக்கம் தள்ளினார். அடுத்ததையும் பச்சைப் பக்கமே தள்ளினார். அப்படித் தள்ளியவற்றை நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன், பன்னிரண்டு. அவற்றைப் பழுத்த பக்கம் போட்டிருந்தால் எண்பதைத் தாண்டியிருக்கும், அவர் நெல் வீட்டுக்கு வந்திருக்கும்.

நூறு முடிந்தது. பச்சை முப்பத்தொன்று.

"தங்கச்சி, பச்சை கூட இருக்கு. அறுக்காத" என்றார். "வரப்ப வெட்டுனது நான். அதுலதான் உன் பயிர் பிந்துச்சு. இன்னொரு நஷ்டத்தையும் உனக்கு நான் வைக்கக் கூடாது." துண்டை உதறாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அக்கா அந்த இரண்டு குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார். "இப்ப கணக்கு வேணாங்குது, மனசு குடுங்குது. ரெண்டும் தனித்தனியா நிக்குது. இனிமே நான் முடிவெடுக்கலாம். ஒரே வெட்டுல வண்டி உள்ள போகுமா தம்பி?"

"போகும்க்கா. நெல்லு ஏத்துற டிராக்டர் அந்த அகலத்துல உள்ள வராது. வண்டியில இருக்குற நெல்லு டேங்க் நெறைய நெறைய நான் ரோட்டுக்கு வந்து கொட்டணும். நேரமாகும்."

"ஆகட்டும். கெழக்கு வரப்ப ஒட்டி ஏழடி. அதுக்கு மேல ஒரு கதிர் விழக் கூடாது."

எனக்கு மனசு கேட்கவில்லை. "மழை வரப்போகுதுக்கா. உங்க வயல் மொத்தத்தையும் அறுத்துடலாமே" என்றேன்.

"முப்பத்தொண்ணுன்னு இப்பத்தான எண்ணுனோம்? குடுக்கணுமான்னு மனசு சொல்லிடுச்சு. எவ்வளவுன்னு கணக்குதான் சொல்லணும். ரெண்டையும் கொழப்பாதீங்க."

ஏழடி அறுத்துக்கொண்டு உள்ளே போனேன். சாய்ந்த பயிருக்குக் கட்டரைத் தரையோடு இறக்கி, வண்டியை ஊர விட வேண்டும். பொழுது இறங்குவதற்குள் கலியமூர்த்தியின் வயல் முடிந்தது. கடைசி டேங்க் நெல்லைக் கொட்டும்போது அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. அக்கா நின்ற திசையில் கையெடுத்துக் கும்பிட்டார்.

மழைக்குப் பிறகு

ஒரு நாள் என்று சொன்ன மழை மூன்று நாள் பெய்தது. இரண்டு வாரம் கழித்து அக்கா போன் செய்தார். போய்ப் பார்த்தால் வயல் மொத்தமும் படுத்துக் கிடந்தது. அவர் அன்றைக்குச் சொன்ன மாதிரியே, கிழக்கில் வெட்டின இடத்திலிருந்துதான் காற்று பூந்து சாய்த்திருந்தது. அடியில் கிடந்ததில் பாதிக் கதிர் முளை விட்டிருந்தது. வண்டியை விட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை.

"அன்னைக்கே மொத்தமா அறுத்திருக்கலாம்க்கா. இல்ல, வழியே விடாம இருந்திருக்கலாம். முடிவு தப்பாப் போச்சே" என்றேன்.

அக்கா முளைத்த கதிர் ஒன்றை எடுத்துச் சேற்றை வழித்தார். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "வருத்தம் இருக்கு தம்பி. பாக்கப் பாக்க வயிறு எரியுது. ஆனா வருத்தம் வேற, தப்பு வேற. மூணு நாள் பெய்யும்னு அன்னைக்கு நமக்குத் தெரியாது. தெரிஞ்சத வச்சு ஒழுங்கா எண்ணுனோம், ஒழுங்கா முடிவெடுத்தோம். மறுபடி அதே நாள் வந்தாலும் ஏழடி விடுவேன். வண்டிய எறக்குங்க."

இறக்கினேன். முக்கால்வாசி நெல்தான் தேறியது.

அதுவரை விளைச்சலைப் பார்த்துத்தான் முடிவு நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அன்றோடு விட்டேன். லீவர் பிடிக்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். உன் ஆசையும் உன் கணக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டு இறங்கு. எதிராளியைக் கூப்பிட்டு எண்ணச் சொல். நான் எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறேன். மூன்று தடவையும் எண்ணுகிற வேலையை என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.