முதல் பக்கத்தில் ஐஸ் பெட்டி

அரியலூரில் எங்கள் கடையின் பெயர்ப்பலகையில் பந்தல், சேர், சமையல் பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கும் என்றுதான் எழுதியிருக்கும். ஐஸ் பெட்டியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. இறந்தவர்களைச் சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை கிடத்தி வைக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டி கடையின் பின்கட்டில், தார்ப்பாய் போர்த்தியபடி இருக்கும். தேவைப்படுகிறவர்கள் யாரிடமாவது விசாரித்து வருவார்கள். என் கணவர் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். அதைப் பற்றி வீட்டில் நாங்களே அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அவர் அதற்கு முன்பு ரெட்டிபாளையத்தில் சிமெண்டு ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். அந்த வேலை போன பிறகு, என் நகையில் பாதியை விற்றுச் சேர் வாங்கினோம். பெட்டி பின்னால் வந்தது. கல்யாணத்துக்குப் போகும் அதே சேர்கள்தான் சாவு வீட்டுக்கும் போகும். எல்லா ஊரிலும் அப்படித்தான். கழுவிக் காயவைத்து அடுக்கிவிட்டால் எந்தச் சேர் எங்கே போய்வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

வெப்சைட் போடவேண்டும் என்ற எண்ணம் அவருக்குத்தான் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ்காரர்கள் தங்களுக்கு வேண்டிய கடைகளுக்கே ஆர்டரைத் திருப்பிவிட ஆரம்பித்திருந்தார்கள். "கூகுள்ல தேடுனா நம்ம கட வரணும். இல்லன்னா நாம இருக்கறதே யாருக்கும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விசாரித்ததில், பெரம்பலூரில் ஒரு பெண் குறைந்த செலவில் செய்து கொடுக்கிறாள் என்றார்கள். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

செல்போன் கடை ஒன்றின் மாடியில் சின்ன அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். எங்களை உட்கார வைத்து, கடையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அண்ணா, ஒங்களுக்குத் திடீர்னு வர்ற ஆர்டர் எது?"

"கல்யாணத்துக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே நேர்ல வந்து பாத்துப் பேசிடுவாங்கம்மா. திடீர்னு வர்றதுன்னா பெட்டிதான்."

"அப்ப அவங்கதாண்ணா கூகுள்ல தேடுவாங்க. அதத்தான் மொதப் பக்கத்துல பெருசா வைக்கணும். பந்தல், சேரு எல்லாம் கீழ இருக்கட்டும்."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுவாரம் அவளே அரியலூருக்கு வந்து போட்டோ எடுத்தாள். தார்ப்பாயை எடுத்துவிட்டு, பெட்டியைத் துடைத்து, கடை வாசலில் வெளிச்சத்தில் வைத்தோம். கணவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டியின் மேல் ஒரு கையை வைத்து நின்றார். போட்டோ என்றதும் பழக்கத்தில் சிரித்துவிட்டார். "சிரிக்க வேணாம்ணா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

போன் நம்பர் கேட்டபோது, வண்டி ஓட்டும்போது தன்னால் எடுக்க முடியாது என்று சொல்லி என் நம்பரைக் கொடுத்தார். அதற்குக் கீழே "24 மணி நேர சேவை" என்று அவள் அடித்தாள். எங்களைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் போடுவாளாம்.

செய்து கொடுத்ததற்கு ஒரு தொகை, வெப்சைட்டின் பெயருக்கு வருஷாவருஷம் ஒரு தொகை, அது கம்ப்யூட்டரில் இருக்கும் இடத்துக்கு வாடகை, பிறகு கூகுளில் மேலே வருவதற்கு விளம்பரக் காசு. இவற்றையெல்லாம் அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். செலவு என்றால் அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டோம்.

போன்கள் வர ஆரம்பித்தன. ஜெயங்கொண்டத்திலிருந்து, ஆலத்தியூரிலிருந்து, நாங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத சிற்றூர்களிலிருந்து. சாவு விழுந்த வீட்டிலிருந்து பேசுகிறவர்களுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியாது. சிலர் "பெட்டி..." என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். பின்னால் ஒப்பாரி கேட்கும். நான் விலாசம் கேட்க வேண்டும், வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்க வேண்டும், கரண்ட் பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். பின்னால் இன்னொரு அளவில் ஒரு பெட்டியும் வாங்கியிருந்ததால் உயரமும் கேட்க வேண்டும். "ஒயரம் எவ்வளவு இருப்பாங்க?" என்று கேட்டதும், அதுவரை தைரியமாகப் பேசியவர்கள் உடைந்துபோவார்கள். ஒரு பெண் "குளுரு ரொம்ப வைக்காதீங்கம்மா, எங்கம்மாவுக்கு ஒத்துக்காது" என்றாள். "சரிங்க, கொறச்சே வைக்கச் சொல்றேன்" என்றேன். துபாயிலிருந்து ஒருவர், ஊரில் இறந்துபோன அப்பாவுக்காகக் கூப்பிட்டார். எல்லாம் பேசி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நானும் வைக்காமல் அடுப்பங்கரையில் நின்றிருந்தேன். சோறு குழைந்துபோனது.

அப்படிப் பேசி வைத்த பிறகு உடனே சாப்பிட முடிவதில்லை. கணவரிடம் சொன்னேன். "நான் பொணத்தையே பாத்துட்டு வரேன், நீ போனத்தான எடுக்கற" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார்.

பெட்டி நன்றாக ஓடியது. பந்தல், சேர் வியாபாரம் படுத்துவிட்டது. ஒருநாள், மகளுக்கு வளைகாப்புப் பந்தல் சொல்லியிருந்த ஒரு அம்மா கடைக்கு வந்து போனை நீட்டினாள். அதில் என் கணவர் பெட்டியின் மேல் கை வைத்து நின்றிருந்தார்.

"இது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"இந்தச் சேரெல்லாம் அங்கியும் போயிட்டு வர்றதுதானா?"

"தனித்தனியா வெச்சிருக்கோங்க" என்றார் அவர். அது உண்மையில்லை. அந்த அம்மாவும் நம்பவில்லை. வேறு இடத்தில் சொல்லிக்கொள்கிறோம் என்று போய்விட்டாள். சொன்னதை உண்மையாக்குவதற்காக அவர் கடன் வாங்கி, நல்ல காரியத்துக்கென்றே சிவப்புச் சேர்கள் கொஞ்சம் வாங்கிப் போட்டார். அவை வெளியே போனது குறைவு. ஒரே சேர் இரண்டு பக்கமும் போவது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனால் போனில் படத்தோடு பார்த்த பிறகு, தெரியாததுபோல் இருக்க யாராலும் முடியவில்லை.

திருமானூரில் என் அக்காவைக் கொடுத்திருந்தது. மாமா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டையரானவர். அவர்கள் வீட்டில் காது குத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் எங்கள் பந்தல்தான் போயிருக்கிறது. அக்கா மகனுக்குக் கல்யாணம் கூடி வந்தபோது இரண்டு பேரும் தாம்பாளத்தோடு பத்திரிகை வைக்க வந்தார்கள். கணவர், தேதி எப்போது, பந்தல் எவ்வளவு நீளம் என்று ஆசையாகக் கேட்க ஆரம்பித்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பந்தலுக்குத் தஞ்சாவூர்ல சொல்லியாச்சு சகல. பொண்ணு வூட்டுக்காரங்க நெட்டுல பாத்துட்டுக் கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல முடியல. நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுங்க, அது போதும்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குப் போனோம். கணவர் யாரோ ஒருவருடைய சேரில் சாப்பாட்டு நேரம் வரை உட்கார்ந்திருந்தார். பந்தல் துணி ஒரு மூலையில் தொய்ந்து கிடந்தது. எழுந்து போய்க் கயிற்றை இழுத்துக் கட்டினார். யாரும் சொல்லவில்லை, கைதான் போயிருக்க வேண்டும். வேலைக்காரப் பையன்கள் அவரை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். வந்து மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு அக்கா, மாமா கண் அசரும் மத்தியான வேளைகளில்தான் எனக்குப் போன் பண்ணுவாள். மெதுவாகப் பேசுவாள். "பாப்பா, அந்த போட்டோவ மட்டுமாச்சும் எடுத்துடச் சொல்லேன்" என்று ஒருமுறை கேட்டாள். கணவரிடம் சொன்னேன். "எடுத்துட்டு என்னத்தத் தின்றது? இப்ப அது ஒண்ணுதான ஓடுது" என்றார். அதுவும் உண்மைதான்.

பங்குனி மாதம். மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். புது நம்பரிலிருந்து ஓர் ஆண் குரல்.

"ஐஸ் பெட்டி வேணுங்க. திருமானூரு. கொள்ளிடம் போற ரோட்டுல, ரிட்டையர்டு வாத்தியாரு வூடு."

அந்த ரோட்டில் அப்படி ஒரு வீடுதான் உண்டு. மாமாவுக்குச் சர்க்கரை இருந்தது, மாமாதான் என்று நினைத்தேன்.

"ஐயாவா?"

"இல்லிங்க, அந்தம்மா. சாப்ட்டுட்டுப் படுத்தவங்க எந்திரிக்கல. நான் பக்கத்து வூடு. அவங்கல்லாம் பேசற நெலமைல இல்ல, அதான் கூகுள்ல பாத்து நான் அடிக்கிறேன்."

எனக்கு அழுகை வரவில்லை. வாய் பழகிப்போயிருந்தது. "ஒயரம் எவ்வளவு இருப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே யாரிடமோ விசாரிப்பது கேட்டது.

"கேக்க வேணாங்க" என்றேன். "எனக்குத் தெரியும்."

"என்னங்க?"

"பெட்டி வருதுங்க."

கணவரிடம் சொன்னேன். அவர் போய்ப் பெட்டியைத் துடைத்தார். எப்போதும் துடைப்பதைவிட நெடுநேரம் துடைத்தார். வேனில் முன்பக்கம் நான் உட்கார்ந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. மேடு பள்ளத்தில் பெட்டி பின்னால் லேசாக ஆடும் சத்தம் கேட்டது. அவர் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டினார். காலிப் பெட்டிக்கு அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை.

வாசலில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். என்னைப் பெட்டியோடு வந்த ஆளாக நினைத்து, "இந்தப் பக்கமா எடுத்துட்டு வாங்க" என்று வழி காட்டினார். உள்ளே போனதும் அக்கா மகன் எழுந்து வந்து என் தோளில் சாய்ந்தான்.

"சித்தி, ஒங்களுக்கு யாரு சொன்னா? இப்பத்தான் போன் போடணும்னு இருந்தேன்."

பின்னாலேயே என் கணவரும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். அவன் பார்த்தான், மேற்கொண்டு கேட்கவில்லை. மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெட்டியையும் என் கணவரையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கணவர் பிளக்கைத் தேடி மாட்டினார். அந்தப் பெட்டியின் மூடியை அதுவரை நான் தொட்டதே இல்லை. கண்ணாடியில் பனி படரும்போதெல்லாம் முந்தானையால் துடைத்துத் துடைத்து அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை அப்போதுதான் வந்தது.

மறுநாள் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தபோது என் இடுப்பில் போன் அதிர்ந்தது. பணம் வந்திருப்பதாக மெசேஜ். பெட்டியின் பக்கவாட்டில், ஸ்கேன் செய்து காசு போடுவதற்கான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். வெப்சைட் போட்ட புதிதில் அந்தப் பெண்தான் அடித்துக் கொடுத்தது. சாவு வீட்டுக் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்ட யாரோ, பந்தல்காரருக்கும் மேளத்துக்கும் கொடுப்பதுபோல் இதற்கும் கொடுத்து முடித்திருக்கிறார்கள். என் அக்கா படுத்திருந்ததற்கு வாடகை என் போனிலேயே வந்து விழுந்தது.

காடாற்று முடிந்த பிறகு கணவர் அந்தப் பணத்தை நோட்டாக எடுத்துக்கொண்டு போய் மாமா கையில் வைத்தார். மாமா வாங்கவில்லை.

"இருக்கட்டும் சகல. அது ஒங்க தொழிலு. தொழிலுக்குக் காசு வாங்கித்தான் ஆவணும்."

மதித்துச் சொன்னாரா, தள்ளிவைத்துச் சொன்னாரா என்று வீட்டுக்கு வரும்வரை இரண்டு பேரும் யோசித்தோம். இப்போதும் தெரியவில்லை.

பதினாறு முடிந்ததும் நான் தனியாகப் பெரம்பலூர் போனேன். அந்த மாடி அறையில் உட்கார்ந்து, "இத எடுத்துடும்மா" என்றேன். நடந்ததைச் சொன்னதும் அவள் கண் கலங்கினாள். கீழ்க்கடைப் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னாள்.

"சைட்ட இப்பவே எடுத்துடலாங்க்கா. ஆனா நம்பரு வேற வேற சைட்டுல எல்லாம் ஏறியிருக்கு. அவங்களா எடுத்துப் போட்டுக்கிட்டது. அத நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப போன் வந்துக்கிட்டேதான் இருக்குமா?"

"நம்பர மாத்துனாத்தான்க்கா நிக்கும்."

பேங்க், கேஸ், ரேஷன் எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான். கடைசியில் சைட்டை எடுக்காமல், போட்டோவை மட்டும் எடுத்துவிட்டுச் சிவப்புச் சேர் போட்ட பந்தல் படத்தை மேலே வைத்தாள். அதற்குக் காசு வாங்கவில்லை. அக்கா கேட்டது அவ்வளவுதான். அதைச் செய்து முடித்தபோது பார்க்க அவள் இல்லை. படத்தை மாற்றியதால் கல்யாண ஆர்டர் ஒன்றும் கூடிவிடவில்லை. பெட்டிக்கு வரும் போனும் குறைந்தது. கணவர் இந்த வருஷமும் வெப்சைட்டின் பெயருக்குப் பணம் கட்டினார். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல அவருக்கும் தெரியவில்லை.

போன மாதம் திருமானூரில் அக்கா மருமகளுக்கு வளைகாப்பு. வருஷம் திரும்பாததால் வீட்டுக்குள்ளேயே சின்னதாகச் செய்தார்கள். கணவர் வரவில்லை, வண்டிக்கு வேலை இருக்கிறது என்றார். மாமியார் இடத்தில் நின்று முதல் வளையல் போடவேண்டியவள் நான்தான். பெண்ணின் அம்மா வேறு யாரையோ முதலில் கூப்பிட்டாள். அக்கா மகன் என்னைப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். என் முறை வந்தபோது போட்டேன். அந்தப் பெண் கையை நன்றாகத்தான் நீட்டினாள்.

சாப்பிடாமல் கிளம்பினேன். மாமா பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்தார். பஸ் வந்ததும், "பாத்துப் போம்மா" என்றார். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் திரும்பும்வரை அவர் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்.