சுங்கை பூலோவில் இறங்காதவர்

கம்போங் ராஜாவை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த முப்பத்தோராண்டுகளில், குகனேஸ்வரன் ஓர் ஆளைக்கூட மலைச்சரிவில் விட்டுவிட்டு வந்ததில்லை. மாலையில் தலைகளை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் லோரி நகராது. மழை கொட்டினாலும், ஓட்டுநர் முணுமுணுத்தாலும் நகராது.

அவருடைய மனைவி சரோஜா கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். இந்த இரவு தாண்டாது என்று மருத்துவர் கூறிவிட்டதை மகள் மோகனா பிற்பகலில் தெரிவித்தாள். அவர் தானா ராத்தாவில் பேருந்து ஏறி, ஈப்போவில் கடைசி ரயிலைப் பிடித்தார். தலைநகரில் இறங்கியதும் கடைசி மெட்ரோ, அதுதான் வழி.

தலைநகருக்குச் சற்று முன், சுங்கை பூலோ நிலையத்தில் சமிக்ஞைக் கோளாறு. கதவுகளைத் திறந்தபடி ரயில் நின்றது. மோகனா அழைத்தாள்.

"அப்பா, அங்கயே இறங்கிடுங்க. எங்கூட வேல செய்யுற விஜயன் வீடு பக்கந்தான். காடிய ஓட்டிக்கிட்டு வந்து உங்கள ஏத்திக்கச் சொல்றேன்."

"எதுக்கும்மா அந்தப் பிள்ளய எழுப்புற? மெட்ரோவுலயே வந்துடுறேன்."

"அது போயிடும்லா!"

"இத்தன சனத்த விட்டுட்டா எடுப்பான்? ஆளு வருதுன்னு அவனுக்குச் சொல்லியிருப்பாங்க."

"இது உங்க லோரி இல்லப்பா."

"லோரியே நிக்குது. இது கவர்மெண்டு வண்டி, நிக்காதா?"

அவர் இறங்கவில்லை.

நள்ளிரவு கடந்து அவர் தலைநகர் சேர்ந்தபோது மெட்ரோவின் வாயில் பூட்டப்பட்டிருந்தது. ரயில் வேறு, மெட்ரோ வேறு. ஒன்றின் தாமதத்திற்காக மற்றொன்று நிற்பதில்லை என்று காவலர் கைருல் மலாயில் பொறுமையாக விளக்கினார். குகனேஸ்வரன் தலையசைத்தார். கேட்டதில் பாதிதான் உள்ளே போயிற்று. பிறகு டாக்சிக்கு வரிசையில் நின்றார். கோபமோ அவசரமோ அவருக்கு எழவில்லை. முன்னால் நின்றவரின் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மருத்துவமனையை அடைந்தபோது மணி ஒன்றேகால். சரோஜாவின் முகமும் துணியால் மூடப்பட்டிருந்தது.

"பன்னண்டே முக்காலுக்குப்பா," என்றாள் மோகனா. "எங்க வராரு, எங்க வராருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மெட்ரோவுல ஏறிட்டாருன்னு சொன்னேன். ஒவ்வொரு ஸ்டேஷனாச் சொல்லிக்கிட்டு வந்தேன்."

அவர் நாற்காலியில் அமர்ந்தார்.

"கடைசியா எந்த ஸ்டேஷன் சொன்ன?"

"மலூரி."

"இன்னும் எத்தன இருந்துச்சி?"

மோகனா விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.