காய்ச்சலை மறைத்த சந்தனம்

முனீஸ்வரர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் பெயரைச் சொல்லிச் சந்தனம் குழைத்தவர்கள் மேல்தான் கோபம். அது இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

எங்கள் கையுறைத் தொழிற்சாலை மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை அழித்துக் கட்டியது. மரங்களை வெட்டினார்கள், தோட்டத்து ஆபீஸை இடித்தார்கள். கேட்டருகே இருந்த முனீஸ்வரரைத் தொட மட்டும் எந்தக் காண்ட்ராக்டருக்கும் துணிச்சல் வரவில்லை. அதனால் நாங்கள் அவரைக் கும்பிட்டு, கிண்ணத்துச் சந்தனத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்குள் நுழைவோம். பின்பக்கம், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு வரிசை லயத்து வீடுகளும் இடிபடாமல் மிச்சம் இருந்தன. அதற்குச் சாமி காரணமில்லை, சோம்பேறித்தனம்தான்.

தொற்று பரவிய காலத்தில் தொழிற்சாலையை மூட முடியாது, உலகமே நம் கையுறைக்குக் காத்திருக்கிறது என்று மேனேஜர் பேசினார். ஈப்போவில் தன் வீட்டு ஏர்கானில் உட்கார்ந்துகொண்டு, கேன்டீன் டிவியில் முகத்தைக் காட்டித்தான் பேசினார். காய்ச்சல் உள்ளவர்களைக் கம்பெனியே தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். கேட்டில் ஜாகா, அதாவது காவல்காரர், நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடிப்பார். அது சிவப்பு காட்டினால் ஆளை வேனில் ஏற்றி நேராக அந்த லயத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள். லயத்தைச் சுற்றி வேலி, வேலிக்கு வெளியே பூட்டு. மின்விசிறி கிடையாது. குழாயில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வரும். கேன்டீன்காரன் சோற்றுப் பொட்டலத்தைப் படியில் எறிந்துவிட்டு ஓடுவான். போதாததற்கு, வேனில் ஏறும்போது படம் எடுத்து ஆபீஸ்காரி ஒருத்தி வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். மற்றவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். திருடனைக்கூட முகத்தை மறைத்துத்தான் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள்.

இப்படி நடத்தினால் எவன் காய்ச்சல் என்று வாயைத் திறப்பான்? ஒருவரும் திறக்கவில்லை. யார் முதலில் கண்டுபிடித்தார்களோ தெரியாது, ஈரச் சந்தனத்தைக் கனமாக அப்பிக்கொண்டால் வெப்பமானி ஏமாந்துவிடுகிறது. ஜாகா மலாய்க்காரர், வயதானவர், நல்ல மனிதர். சாமி சந்தனத்தைத் துடை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதன் மேலேயே பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பிவிடுவார். பொட்டு பட்டையானது, பட்டை உள்ளங்கை அகலமானது. கிண்ணத்தில் ஐஸ் கட்டி மிதந்ததை நானே பார்த்தேன். தொழிற்சாலை முழுவதும் திடீரென்று பக்தி பொங்கி வழிந்தது.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் கழுவப் போகிறவர். இந்த நோய் வந்தால் அவர் தாங்க மாட்டார் என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான், வேலையை விடவும் வழியில்லை. வேலை முடிந்து போனால் பின்வாசல் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். அவர் அறையில், நான் கூடத்தில். சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுதான் பேசுவேன்.

வேலை மேசையில் எனக்கு எதிரே இருந்தவர் எங்கள் பகுதி மண்டோர் அக்கா. கம்பெனி அவருக்கு சூப்பர்வைசர் என்று பட்டம் கொடுத்திருந்தாலும், தோட்டத்துப் பழக்கத்தில் எங்களுக்கு அவர் மண்டோர்தான். நான் கையுறைகளை அடுக்கித் தருவேன், அவர் பெட்டியில் போட்டு டேப் ஒட்டுவார். இருவருக்கும் நடுவே ஒரு கை தூரம்கூட இருக்காது. என் வீட்டு நிலைமை அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர் எப்படி என்று தினமும் கேட்பார். “உங்க புண்ணியத்துல நல்லா இருக்காருக்கா” என்று நானும் தினமும் சொல்வேன்.

ஒரு காலை கேட் வரிசையில் அக்கா எனக்கு முன்னால் நின்றார். நெற்றியே தெரியாத அளவுக்குச் சந்தனம். கண் சிவந்திருந்தது, மாஸ்க்குக்குள் இருமினார். முதல் நாளும் இருமினார்தான். தூசி என்று சொன்னார்.

“அக்கா, காய்ச்சலா?”

“வெயில் சூடுலா. நீ வேற.”

“காலங்காத்தால ஏதுக்கா வெயிலு? வீட்டுக்குப் போயிருங்க. நீங்க எதிர்க்க ஒக்காந்தா நான் அத வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவேன். அவரு செத்துருவாருக்கா.”

“உன் புருசன நீ பாரு. என் வேலைய நான் பாக்குறேன்.”

என் கெஞ்சல் அதோடு முடிந்தது. ஜாகா வெப்பமானியைத் தூக்கிய நேரம், அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பி, என் சட்டைக் கையால் அந்தச் சந்தனத்தை ஒரே இழுப்பில் வழித்தெடுத்தேன். அடியில் நெற்றி அடுப்பு மாதிரி கொதித்தது. இப்போது பாருங்கள் என்று ஜாகாவைப் பார்த்து மலாயில் கத்தினேன். அவர் தயங்கித் தயங்கிப் பிடித்தார். வெப்பமானி சிவப்பாகி அலறியது.

வரிசை முழுவதும் என் மேல் பாய்ந்தது. “சாமி சந்தனத்துல கை வைக்கிறியே, வெளங்குவியா?” என்றான் ஒருவன். “இவள தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்லா” என்றாள் இன்னொருத்தி. எங்கள் பக்கத்தில் பைத்தியம் என்று திட்டுவதற்கு அந்த ஆஸ்பத்திரி ஊரின் பெயரே போதும். திட்டியவர்களில் பாதிப் பேர் நெற்றியில் அதே சந்தனம் ஈரம் காயாமல் மின்னியது. அக்கா வேன் வந்து நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

“அந்த லயத்துலதான் நான் பொறந்தேன். திரும்ப அங்க போயி படுக்கக் கூடாதுன்னுதான்...”

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக என் புருசனைக் கொடுக்க முடியுமா?

எதிரே உட்கார்ந்தவள், தொட்டவள் என்று என்னையும் அதே வேனில் ஏற்றினார்கள். நோய் வந்தவரையும் வராதவளையும் ஒன்றாக அடைத்துக் கதவைச் சாத்தினார்கள். படம் எடுக்க மட்டும் மறக்கவில்லை.

லயத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த அறை, நடுவில் பலகைச் சுவர். முதல் வேலையாக வீட்டுக்காரருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். ரத்தம் கழுவும் இடத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னால் உள்ளே விடமாட்டார்களோ என்று இருவருக்கும் பயம். ரத்தம் கழுவாவிட்டால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? ஆனால் அங்கிருந்த தாதி அவரைத் திட்டவில்லை, படம் எடுக்கவில்லை. எல்லாரும் போன பிறகு கடைசியாக வரச் சொல்லி, மூலையில் தனி நாற்காலி போட்டுக் கொடுத்தாராம். “குளுருதான்னு கேட்டு போர்வகூட குடுத்தாங்க” என்று அவர் சொன்னபோது நான் உடைந்து அழுதேன். இவ்வளவுதானே விஷயம். இதைச் செய்ய எங்கள் கம்பெனிக்கு என்ன கேடு?

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறி தகரக் கூரை காய்ந்தபோது சுவரைத் தட்டினார்.

“தண்ணி இருக்கா?”

சோற்றோடு வந்த ஒரு போத்தல் என்னிடம் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி தட்டினார். போத்தலை வாசலில் வைத்து, விளக்குமாற்றுக் கட்டையால் அவர் கதவுப் பக்கம் தள்ளிவிட்டேன். இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெறுப்போடும் தண்ணீர் கொடுக்கலாம், நான் அப்படித்தான் கொடுத்தேன். அவருக்கு மூச்சு வாங்கியபோது வேலியோரம் நின்று கத்தி, ஜாகாவை ஆம்புலன்ஸ் கூப்பிட வைத்ததும் நான்தான். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போனார்.

எனக்கு நோய் வரவில்லை. வீட்டுக்காரரையும் பரிசோதித்தார்கள், அவருக்கும் இல்லை. நான் திரும்ப வேலைக்குப் போன அன்று முனீஸ்வரர் முன்னால் கிண்ணத்தைக் காணோம். கேட்டில் நெற்றியைத் துடைக்க ஈரக் காகிதம் வைத்திருந்தார்கள். லயம் அப்படியே இருந்தது, பூட்டும் அப்படியே இருந்தது. தொழிலாளர்களின் மூடநம்பிக்கையால்தான் நோய் பரவியது என்று மேனேஜர் டிவியில் வந்து வருத்தப்பட்டார். அவரை யாரும் திட்டவில்லை. சாமியிடமிருந்து சந்தனத்தைப் பிடுங்கியவள் என்று என்னைத்தான் திட்டினார்கள். கேன்டீனில் நான் உட்காரும் மேசைக்கு இன்றுவரை யாரும் வருவதில்லை.

அக்கா பிழைத்து, இளைத்துத் திரும்பி வந்தார். எங்களை வேறு வேறு மேசைக்கு மாற்ற ஆபீஸில் யாருக்கும் தோன்றவில்லை. நான் அடுக்கித் தந்தேன், அவர் டேப் ஒட்டினார். பல நாள் வேலை மட்டும்தான் நடந்தது. பிறகு ஒருநாள், பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

“உன் வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?”

“உசுரோட இருக்காரு” என்றேன். “உங்க புண்ணியத்துல இல்ல.”

அக்கா தலையை ஆட்டினார். டேப்பைக் கிழித்துப் பெட்டியை ஒட்டினார். நான் அடுத்த அடுக்கை எடுத்து நீட்டினேன்.