அவருக்கென்று வைத்த குவளை

நான் சொன்ன பொய்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் ரங்கூனில் கியாக்டடா பேட்டையிலிருந்து லத்தா பேட்டை வரை போகும். பெரும்பாலானவை அன்றாடப் பொய்கள், அவற்றுக்காக நான் தூக்கம் கெட்டதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் உள்ளே முள்ளாகக் கிடக்கிறது.

அப்போது ரங்கூனில் என் மாமாவின் காப்பி கிளப்பில் இருந்தேன். சூலே பகோடாவுக்குப் பின்னால், துறைமுகத்துக்குப் போகும் ஒரு சந்தின் முனையில் கடை. எனக்கு இருபத்தாறு வயது. மெட்ரிகுலேஷன் வரை படித்திருந்ததால் இங்கிலீஷ் பேசும் ஆள் யார் வந்தாலும் மாமா என்னைத்தான் முன்னால் தள்ளுவார். முன்வாசல் வழியாக வருகிறவர்கள் கம்பெனி குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள். அவர்களுக்குப் பித்தளை தம்ளரும் பெஞ்சும் உண்டு. சந்துப் பக்கம் ஒரு ஜன்னல். அதன் வெளிச்சட்டத்தில் ஆறு ஆணிகள், ஆணிக்கு ஒன்றாக ஆறு வெள்ளை எனாமல் குவளைகள். விடியற்காலையில் நகராட்சித் துப்புரவு ஆட்கள் வருவார்கள், எங்கள் ஜில்லாக்காரர்களே. அவரவர் குவளையை எடுத்து நீட்டினால் நாங்கள் கை படாமல் மேலேயிருந்து ஊற்றுவோம். குடித்துவிட்டு அவர்களே சந்துக் குழாயில் கழுவி மாட்டிவிட்டுப் போவார்கள். கடல் தாண்டி வந்த நாங்கள் மூட்டை முடிச்சோடு இந்த வழக்கத்தையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தோம்.

அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் சாயங்காலங்களில் நானும் என் சிநேகிதர்களும், வெள்ளைக்காரன் தன் கிளப்பில் நம்மை வாசற்படி ஏறவிடுவதில்லை என்று மேஜையைத் தட்டுவோம். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம் அவர் வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உயரம், எங்களில் யாரையும் சிவப்பு என்று சொல்லவைக்கும் கறுப்பு. ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் பழுதாகித் துறையில் கிடந்தது. வறுத்த காப்பிக்கொட்டை வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்ததாகச் சொல்லிச் சிரித்தார். பெஞ்சிலிருந்த இரண்டு பேர் இலையை மடித்து எழுந்துவிட்டார்கள். மாமா என் காதில் சொன்னார்:

"டேய், உள்ள உக்கார வெச்சியோ, நாளைக்கு ஒரு பய வரமாட்டான். ஜன்னலண்ட குடுத்து அனுப்பு."

மாமா அவ்வளவுதான் சொன்னார். மீதி முழுவதும் என் கைங்கரியம். பரணில் புதுக் குவளை ஒன்று இருந்தது, நீல நிறம். அதை எடுத்துத் துடைத்து, சந்தில் ஒரு முக்காலி போட்டு, ஏழாவதாக ஓர் ஆணியும் அடித்தேன். "உள்ளே புழுக்கம். விருந்தாளிகளை இங்கே காற்றாட உட்காரவைப்போம். இந்தக் குவளை உங்களுக்கென்றே. வேறு யாரும் தொடமாட்டார்கள். குடித்ததும் நீங்களே கழுவி மாட்டிவிடுவது எங்கள் வழக்கம்" என்று இங்கிலீஷில் சரளமாகச் சொன்னேன். இதில் எந்த வாக்கியமும் முழுப் பொய் இல்லை என்று அன்றைக்கு ஒரு பெருமை வேறு.

அவர் அந்தக் குவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "என் ஊரில் ஒரு கடையில் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். நான் குடித்து முடித்ததும் என் கண் முன்னாலேயே அந்தக் கிளாஸைக் கல்லில் போட்டு உடைத்தார்கள். நீங்கள் எனக்கென்று ஒன்று வைக்கிறீர்கள்."

அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் ஊர் கனடாவில், நோவா ஸ்கோஷியா என்ற கடற்கரைப் பக்கம். ஐந்து வாரம் தினமும் சாயங்காலம் வந்தார், தினமும் ஏதாவது சொன்னார். அவருடைய முன்னோர்கள் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள். அங்கே நடந்த யுத்தத்தில் இங்கிலாந்து ராஜாவின் பக்கம் நின்றால் விடுதலையும் நிலமும் உண்டு என்று சொன்னதை நம்பிக் கப்பலேறி வந்தார்களாம். கிடைத்தது பாறையும் சேறும். அதிலேயே வீடு கட்டி, தங்களுக்கென்று ஒரு வேதக் கோயில் கட்டி, பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி நாலு தலைமுறை ஆகிவிட்டது. பதினாலாம் வருஷத்துப் பெரிய யுத்தம் வந்தபோது இவர் பட்டாளத்தில் சேரப் போனார். இது வெள்ளைக்காரர்களின் சண்டை, நீ வீட்டுக்குப் போ என்றார்களாம். பிறகு ஆள் பற்றாமல் கூப்பிட்டு, துப்பாக்கிக்குப் பதில் கோடாலியைக் கொடுத்து பிரான்சில் மரம் வெட்டவிட்டார்கள். அண்ணன் ரயிலில் படுக்கை விரிக்கும் வேலை பார்த்தார். அந்த வேலையில் இருக்கும் கறுப்பர்கள் அத்தனை பேரையும் பிரயாணிகள் ஒரே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். "அண்ணனுக்கு என் அம்மா யோசித்து யோசித்து வைத்த பெயரை ஒருவரும் கேட்டதில்லை" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நிஜமான கோபம். "என்ன அநியாயம்!" என்று ஜன்னல் கட்டையைக் குத்துவேன். பக்கத்தில் ஆறு வெள்ளைக் குவளைகளும் ஆடும்.

அவர் எப்படி ஏமாந்தார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வெள்ளைக்காரன் இதைச் செய்திருந்தால் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்திருப்பார், அதில் அவருக்கு வாழ்நாள் பழக்கம். ஆனால் என்னை அவர் தன் நிறத்து ஆளாக நினைத்தார். அந்த ஒரு இடத்தில்தான் அவர் காவலில்லாமல் இருந்தார். அங்கே பார்த்து அடித்தேன் நான்.

கப்பல் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது கேட்டார்: "இங்கேயே இறங்கிவிடலாமா என்று பார்க்கிறேன். ரொட்டி சுடத் தெரியும். என்னைப்போல ஒருவன் இந்த ஊரில் மனுஷனாக இருக்க முடியுமா? நீ சொன்னால் நம்புவேன்."

மழை விட்டிருந்தது, சந்தில் யாருமில்லை. சொல்ல வசதியான நேரம். அவர் கப்பல்காரர், கனடாக்காரர், இதெல்லாம் வெறும் பேச்சு, இறங்கவா போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் ஐந்து வாரமும் நான் யார் என்று தெரிந்துவிடும் என்ற பயம்தான் நிஜக் காரணம்.

"தாராளமாக இருக்கலாம்" என்றேன்.

கப்பல் கிளம்பும் நாள் காலையில், தோளில் துணிப்பையோடு வந்துவிட்டார். அன்று வரை அவர் காலையில் வந்ததே இல்லை. கப்பலில் கணக்குத் தீர்த்து இறங்கியாயிற்று, தன் இடத்துக்கு ஒரு சிட்டகாங் ஆளும் வந்தாயிற்று, நேரே இங்கேதான் வருகிறேன் என்று முகமெல்லாம் சிரிப்பு. ஜன்னலண்டை துப்புரவு ஆட்களில் ஒருவர் மட்டும் நின்று குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கூடையும் விளக்குமாறும். இவர் தன் நீலக் குவளையை எடுத்து அவருடைய வெள்ளைக் குவளையில் இடித்து வாழ்த்துச் சொன்னார். அந்த மனிதர் நடுங்கிப்போய்ப் பின்வாங்கினார். இவர் விடவில்லை. இன்றைக்கு நல்ல நாள், உள்ளே போய்ச் சேர்ந்து சாப்பிடலாம் என்று சைகை காட்டி, அவர் முழங்கையைப் பிடித்து முன்வாசலுக்கு நடந்தார்.

"ஐயோ வேணாங்க! சாமி, நான் ஒண்ணும் பண்ணலிங்க சாமி, இவருதான் இழுக்குறாரு!" என்று அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கத்தினார். வாசற்படிக்கு நாலடி முன்பே உட்கார்ந்துவிட்டார்.

இவருக்குத் தமிழ் தெரியாது. தேவைப்படவும் இல்லை. கீழே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். உள்ளே பெஞ்சைப் பார்த்தார். ஜன்னலையும் ஆணிகளையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அவர் குனிந்து அந்த மனிதரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். குழாயில் நீலக் குவளையைக் கழுவி அதன் இடத்தில் மாட்டினார். பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

துறை வரைக்கும் பின்னால் ஓடினேன். சமையல் வேலை போனது போனதுதான். துறையில் கப்பல் அதிகாரியிடம் அவர் கெஞ்சிக் கேட்டதற்கு, கப்பலின் அடியில் கரி தள்ளும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் என் ஒரு வார்த்தையால். கப்பலுக்குப் போகும் படகில் இறங்கும்முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நேற்று அம்மாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன். உன்னைப் பற்றி. எங்கள் கோயிலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார்கள்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் ஊருக்குப் போனாலும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. உலகத்தில் ஓர் இடமாவது அப்படி இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்" என்றார்.

அப்படியானால் கடலுக்கு அந்தப் பக்கம், பாறை மேல் கட்டிய ஒரு கோயிலில், முகம் தெரியாத ஜனங்கள் எனக்காக ஜெபம் செய்திருப்பார்கள். அவர் என்னை அடித்திருக்கலாம். ஒரு வசவாவது வைதிருக்கலாம்.

மறுநாள் விடிந்ததும் அதே துப்புரவு ஆள் ஜன்னலுக்கு வந்தார். "அந்த அண்ணன் எங்கீங்க சாமி?" என்று கேட்டார்.

"கப்பல்ல போயிட்டாரு" என்றேன்.

"நல்ல மனுசருங்க. என்னைக் கையைப் புடிச்சுத் தூக்கினாருங்க" என்று சொல்லிக் குவளையை நீட்டினார்.

நான் செம்பை உயரத் தூக்கி, கை படாமல் ஊற்றினேன்.