நான் வாசிக்காத நான்கு பக்கங்கள்

இதை வாசிக்கும் உங்களை நடுவராக அழைக்கவில்லை. நடுவர் ஒருவர் முன்பே எனக்கு வெற்றி வழங்கிவிட்டார். அந்தத் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நீங்கள் சாட்சியாக அமருங்கள். சொல்வதில் எங்கேனும் என் பக்கம் நானே சாய்ந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் பழகிய நாக்கு எளிதில் திருந்துவதில்லை.

நான் கோவையில் கணபதிப் பகுதியில் வளர்ந்தவன். லேத் பட்டறைகளின் இரைச்சலுக்கு மேலே குரல் எழுப்பிப் பழகியதால், ஒலிபெருக்கி இல்லாமலும் கடைசி வரிசைவரை என் பேச்சு போய்ச் சேரும். அம்மா பிறந்தது கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே நொய்யல் கரையிலுள்ள ஓர் ஊர். இரு நகரங்களையும் இணைக்கும் பழைய பாலம் அந்த ஊரின் முனையில்தான் இருக்கிறது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். தினமும் காலையில் கம்பெனி வேனில் பாலத்தைக் கடந்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலைக்குப் போய்வந்தார்.

அந்தப் பாலத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஊர் இரண்டுபட்டது. புதிய பாலம் சற்று வடக்கே தள்ளி அமையும். பழைய பாலத்தை நம்பி நிற்கும் கடைவீதி சாலையை இழந்துவிடும். அந்த ஆண்டு மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் பட்டிமன்றத் தலைப்பே அதுதான்: பாலத்துக்குத் தேவை இடிப்பா, பழுதுபார்ப்பா?

நான் பட்டிமன்றப் பேச்சாளன்; எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு அணிக்கும் குறிப்பு எழுதிக்கொண்டு வருவோம். மேடை ஏறுமுன் சீட்டுக் குலுக்கி அணி பிரிப்பார்கள். இடிப்புக்கு நான் எழுதியது நான்கு பக்கம். பழுதுபார்ப்புக்கு ஒன்றரைப் பக்கம், அதிலும் பாதி உவமை. எனக்கு விழுந்த சீட்டு பழுதுபார்ப்பு. நான்கு பக்கத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஒன்றரைப் பக்கத்தைக் கொண்டு வென்றேன். அந்த உரை நன்றாகக் கட்டப்பட்டது என்றே இன்றும் நினைக்கிறேன். பிழை அங்கே நேரவில்லை.

சில வாரங்கள் கழித்துக் கடைவீதிச் சங்கத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார்.

“ஏனுங்க தம்பி, நோம்பில பேசுனீங்கள்ல, அதையே வந்து மறுக்காப் பேசிப்போடுங்க. கருத்துக் கேட்புக் கூட்டம் வெச்சிருக்கறாங்க. அதிகாரிக வாயத் தொறக்கக் கூடாது.”

அணி சீட்டில் வந்தது என்பது அவருக்கும் தெரியும். குலுக்கிய பித்தளைச் சொம்பே அவர் கடையிலிருந்து வந்ததுதான். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம், மேடையில் ஜெயித்த கருத்து பேசியவனுடைய சொந்தக் கருத்தாகிவிடும். நானும் திருத்தவில்லை. என்னை அழைத்தார்கள் என்பதே போதுமானதாக இருந்தது.

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. இளம் பெண் பொறியாளர் ஒருவர் திரையில் படம் காட்டி விளக்கினார். அந்தக் காலத்தில் நில அதிர்வைக் கணக்கில் கொள்ளாமல் கட்டிய பாலம் இது; மேல்தளத்துக் கான்கிரீட் பலகைகள் தூண்களின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன, பிடித்து நிறுத்த ஏதுமில்லை; தூணின் விளிம்பும் குறுகல்; நிலம் சற்றே அசைந்தாலும் பலகை நழுவலாம் என்றார். என் நான்கு பக்கத்தில் இரண்டாம் பக்கமும் அதையேதான் சொன்னது. தாள்கள் அப்போதும் என் பையில் இருந்தன.

சின்னம்மா எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

“ஏனுங்க, அந்த அம்மணி சொல்றாப்புல நழுவுச்சுன்னா, வேன்ல போற நாங்க என்னங்க ஆவோம்?”

பொறியாளர் வாய் திறக்குமுன் நான் ஒலிவாங்கியை எடுத்தேன்.

“சின்னம்மா, நீங்க டிரைவரை மெதுவாப் போகச் சொல்லுங்க. பாலம் ஓட்டப் பந்தயத்துக்கு வராது.”

மண்டபம் சிரித்தது. சின்னம்மாவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் என் உரையைத் தொடங்கிவிட்டேன். பொறியாளர் தம் காகிதங்களை அடுக்கிக்கொண்டு கடைசிவரை என்னைப் பார்க்கவே இல்லை. ஊர் மக்களின் எதிர்ப்பைக் கருதித் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கைப்பிடிச் சுவருக்குக் கறுப்பு வெள்ளை வண்ணம் அடித்தார்கள்.

பின்பு ஒரு காலையில் நிலம் அதிர்ந்தது. சில நொடிகள்தான். பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்த கணபதியில் அதை யாரும் உணரவில்லை, நானும் உணரவில்லை. பாலத்தில் நடுத்தூணின் மேலிருந்த ஒரு பலகை நழுவி, ஓரம் ஒரு முழம் இறங்கியது. சாலைக்கு நடுவே படி ஒன்று முளைத்ததுபோல் ஆயிற்று. எதிரே வந்த கம்பெனி வேன் அதில் மோதிச் சாய்ந்தது. மற்றப் பெண்களுக்குச் சிறு காயங்கள். டிரைவருக்குப் பின்னிருக்கையில் இருந்த சின்னம்மாவின் வலது முழங்கால், இருக்கைக் கம்பிக்கும் கதவுக்கும் நடுவே நசுங்கியது.

மருத்துவமனையிலிருந்து வீடு வந்த பிறகுதான் பார்க்கப் போனேன். அதற்கு முன் போகத் துணியவில்லை. பாலத்தை மூடியிருந்தார்கள். சின்னம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்களாம். நாளெல்லாம் நின்றுகொண்டு செய்யும் வேலை. கம்பெனியில் ஓய்வெடுக்கச் சொன்னார்களாம், எதுவரை என்று சொல்லவில்லையாம்.

“வா கண்ணு. உக்காரு,” என்றார். “அன்னைக்குச் சொன்னயே, அதையே டிரைவர்கிட்டச் சொல்லிப்போட்டேன். மெதுவாத்தான் போனான், பாவம்.”

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. வேகமாகப் போயிருந்தால் வேன் ஆற்றில் விழுந்திருக்கும் என்று மெய்யாகவே நம்பிக்கொண்டிருந்தார். பையிலிருந்த நான்கு பக்கங்களை எடுத்து அவர் மடியில் வைத்தேன். முதல் பக்கத்தை நிதானமாக வாசித்தார், இரண்டாவதில் நின்றார்.

“இது எப்ப எழுதுனது?”

“நோம்பிக்கு முன்னாலயே, சின்னம்மா.”

“அந்த அம்மணி பேசறப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக் காலைச் சற்று நகர்த்தினார். அதற்கு நெடுநேரம் பிடித்தது.

அந்த நேரத்தில்தான் சங்கத் தலைவர் ஆப்பிள் பையோடு உள்ளே வந்தார். நலம் விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நல்லவேளை இங்கயே இருக்கறீங்க. மறுபடியும் கூட்டம் போடறாங்களாமா. ஒரு பலகைதானுங்க எறங்கியிருக்குது, தூக்கி வெச்சாப் போதும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லோணும். ஊடு ஊடாப் போய்ச் சொல்லியாச்சு, நீங்கதான் பேசறீங்கன்னு.”

சின்னம்மா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். ஏற்ற இறக்கம் எதுவும் குரலில் வரவில்லை. ஆனால் வெளியே தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

“வாரேனுங்க. அதே மண்டபத்துல, அதே மைக்ல பேசறேன். போன தடவ தெரிஞ்சே மறைச்சேன்னு முதல்ல சொல்லுவேன். அந்த இன்ஜினியரம்மாகிட்ட எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேப்பேன். அப்பறம் இந்த நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமப் படிப்பேன். சின்னம்மா மறுக்காக் கேள்வி கேட்டா, அவங்க பேசி முடிக்கற வரைக்கும் மைக்கத் தொட மாட்டேன்.”